கல் உடைக்கும் அறையிலிருந்து

வயது பார்ப்பதற்காக ஒரு கருங்கல் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தால், அதற்குச் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி கல்லை உடைப்பதிலும், உடைத்த பொறிகளைக் கழுவுவதிலும் போய்விடும். கடைசியில் லேசர் ஒரு சிர்கான் மணியைச் சுடுவது அரை நிமிட வேலை. செய்திகளில் வருவது அந்த அரை நிமிடம். நான் கல் உடைக்கும் பக்கத்து ஆள். சவுத்தாலில் குடியிருந்துகொண்டு, மத்திய லண்டனுக்கு ரயிலேறிப் போய், பாறையிலிருந்து கனிமங்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் என் காலத்தைக் கழித்திருக்கிறேன். பாறையின் வயது என்று அச்சில் வரும் எண் நம்பத்தக்கதா என்பது பெரும்பாலும் இந்தத் தூசி பறக்கும் அறையிலேயே முடிவாகிவிடுகிறது. கருவிகளைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்த அறையைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குக் கருங்கல் வெளியூர்ச் சரக்கு. குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினாலும் அதுதான், மதில் கட்டினாலும் அதுதான். அம்மியும் ஆட்டுக்கல்லும் ஆனையிறவுக்கு அப்பாலிருந்து வந்தவை. சவுத்தாலின் அடியிலும் கருங்கல் எட்டும் ஆழத்தில் இல்லை. மேலே செங்கல்லுக்கு உகந்த வண்டல், அதன்கீழ் தேம்ஸ் நதி பழங்காலத்தில் விட்டுப்போன சரளை, அதற்கும் கீழே 5 கோடி ஆண்டுப் பழமையுள்ள லண்டன் களிமண். ஆனால் தரைக்கு மேலே கருங்கல்லுக்குக் குறைவில்லை. பிராட்வே கடைகளின் கல்லாமேசையிலும், வீடுகளின் சமையலறை மேடையிலும் தென்னிந்தியக் கல் பளபளக்கிறது.

பக்கத்துத் தெருவில் அப்படியொரு மேடை பொருத்திக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் என்னை மறித்துக் கேட்டான்.

"அண்ணை, நீங்கள் கல்லு ஆராயிற ஆளெண்டு சொல்லுகினம். இது எந்த ஊர்க் கல்லு?"

"மதுரைப் பக்கமடா தம்பி. மேலூர்."

"காஷ்மீர் வைட் எண்டெல்லோ பில்லிலை கிடக்கு?"

"அது வியாபாரப் பேர்."

"அப்ப எத்தினை வயசு?"

நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அவன் வெட்டி ஒதுக்கியிருந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளிர் சாம்பல் நிறம்; ஊடே சிவப்புக் கார்னெட் மணிகள். புதிதாக வரும் மாணவர்களுக்குக் கனிமம் பிரிக்கப் பழக்குவதற்கு அது நல்ல கல்லாக அமைந்தது. ஏன் நல்ல கல் என்று பின்னால் சொல்கிறேன்.

சிர்கான் என்பது சிர்கோனியமும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம். புல்மோட்டைக் கடற்கரையிலும் மணவாளக்குறிச்சியிலும் கருமணலோடு கலந்து டன் கணக்கில் கிடப்பது இதுதான். கிரானைட் குழம்பு உறையும்போது ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு, பத்தில் இரண்டு பங்கு நீளத்தில் மணிமணியாக உருவாகும். வளரும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடும். ஆகவே பிற்காலத்தில் அதற்குள் காணப்படும் ஈயம் அநேகமாக அந்த யுரேனியம் சிதைந்து பிறந்த ஈயம். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு. அது ஈயம் 206 ஆக முடியும். யுரேனியம் 235 பாதியாகக் குறைய 70.4 கோடி ஆண்டு. அது ஈயம் 207 ஆக முடியும். ஒரே மணிக்குள் இரண்டு கணக்குகள் தனித்தனியே ஓடுவதால் ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்க முடிகிறது. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் அந்த மணி பிறந்தது முதல் எதையும் இழக்கவில்லை. சொல்லாவிட்டால் நடுவில் எப்போதோ ஈயம் கசிந்திருக்கிறது. ஜார்ஜ் வெதரில் 1956இல் இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். கன்கார்டியா என்ற அந்த வளைகோட்டில் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்றுதான் இன்றும் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள்.

இனி அறைக்குள் போவோம்.

கல் வந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுவோம். மண், பாசி, வெயில் மழையில் சிதைந்த மேற்பகுதி எல்லாம் போக வேண்டும். அடுத்தது தாடைப் பொறி. இரண்டு உருக்குத் தகடுகளுக்கு நடுவே கல் நொறுங்கி ஜல்லியாக விழும். அந்த ஜல்லியைத் தட்டு அரைவையில் இட்டு மணலாக்கி 300 மைக்ரான் வலையில் சலிப்போம். மிக நைசாக அரைத்துவிட்டால் சிர்கானே உடைந்துபோகும். பரும்படியாக விட்டால் அது பெல்ஸ்பாருக்குள் சிறைப்பட்டே கிடக்கும். தட்டுகளின் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் சலித்து எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை மட்டும் மறுபடி அரைப்பது ஒன்றே வழி. பொறுமையில்லாதவர்கள் ஒரே அரைவையில் முடித்துவிடுவார்கள். அவர்கள் மணிகளைப் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும். பாதிக்குப் பாதி சில்லாக இருக்கும்.

சலிக்கும் வலை நைலான். ஒரு கல்லுக்கு ஒரு வலை. வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பல்லாவரத்துச் சார்னோகைட் பாறையை அரைத்த அடுத்த நாள் 50 கோடி ஆண்டுக் கிரானைட் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதின் மணிகள் 250 கோடி ஆண்டுப் பழையவை. வலைக் கண்ணிலோ தகட்டு இடுக்கிலோ ஒட்டியிருந்த ஒரே ஒரு மணி அடுத்த கல்லுக்குள் விழுந்துவிட்டால், கருவி அதையும் குறையில்லாமல் அளந்து கொடுக்கும். புதுக் கிரானைட் பழைய பாறையை உருக்கிப் பிறந்தது என்று அதற்கு ஒரு விளக்கமும் எழுதப்பட்டுவிடும். ஆளைத் திருத்தலாம், அச்சான கட்டுரையைத் திருத்துவது கடினம். ஆகவே ஒவ்வொரு கல்லுக்குப் பின்னும் பொறியைக் கழற்றி, தகடுகளைத் தேய்த்து, காற்றடித்து, எத்தனாலால் துடைத்து, சிர்கான் இல்லாத வெறும் குவார்ட்ஸ் கொஞ்சம் அரைத்து எறிவோம். அடுத்த கல்லின் முதல் பிடியையும் அரைத்து எறிந்துவிடுவோம். உடைக்க ஒரு மணி நேரமென்றால் கழுவ இரண்டு மணி நேரம்.

பிறகு நீர்மேசை. சாய்ந்த மேசை ஒன்றின் மேல் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடும். மேசை பக்கவாட்டில் உதறிக்கொண்டே இருக்கும். அம்மா முறத்தில் அரிசி புடைக்கும்போது கல்லும் குறுநொய்யும் தனித்தனியாகப் பிரிவது போலத்தான் இங்கேயும் நடக்கிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65; சிர்கானுடையது 4.6க்கு மேல். இலேசானவை நீரோடு அடித்துப்போக, கனமானவை மேல் விளிம்பை ஒட்டி நகர்ந்து வேறொரு கிண்ணத்தில் சேரும். நீரின் வேகமும் சாய்வும் ஒவ்வொரு கல்லுக்கும் வேறு. எழுதி வைத்துப் பயனில்லை. மேசையில் மணல் பிரியும் கோட்டைப் பார்த்துக் கைதான் திருப்ப வேண்டும்.

காஷ்மீர் வைட் நல்ல பயிற்சிக் கல் என்றது இந்த இடத்துக்காக. நீர்மேசையில் அதன் கனமணலை எடுத்துப் பார்த்தால் கிண்ணமே சிவந்திருக்கும். கார்னெட்டும் கனம்தான், அடர்த்தி 4ஐ ஒட்டி வரும். அதை வெறும் கனத்தால் சிர்கானிடமிருந்து பிரிக்க முடியாது. காந்தத்தால் பிரிக்கலாம். ஃபிரான்ட்ஸ் காந்தப் பிரிப்பானில் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், முதலில் இல்மனைட், அடுத்துக் கார்னெட், பயோடைட் என்று ஒவ்வொன்றாக இழுபட்டுப் போகும். காந்தத்துக்கு அசையாமல் நேரே ஓடிவருவதில் சிர்கான் இருக்கும். அதோடு அபடைட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழிக்க 3.3 அடர்த்தியுள்ள மெத்திலீன் அயோடைடைப் பிரிபுனலில் ஊற்றி இதைத் தூவினால் அபடைட் மிதக்கும், சிர்கான் மூழ்கும். குழாயைத் திறந்து அடியில் தங்கியதை வடிதாளில் பிடித்துக் கழுவுவோம். மூன்று கிலோ கல்லுக்குக் கடைசியில் கிடைப்பது கரண்டி நுனியில் ஒட்டும் அளவு.

பொறுக்குவது அதற்குப் பின். கண்ணாடித் தட்டில் எத்தனால், அதில் மணிகள், இரட்டைக்கண் நுண்ணோக்கி, கையில் ஊசி. வெளிச்சத்தை அடியிலிருந்து விட்டால் சிர்கான் மற்றவற்றைவிடத் தடித்த கரிய விளிம்போடு எழுந்து நிற்கும். நிறமற்றவை, தேன் நிறத்தவை, இளஞ்சிவப்பு, கலங்கிய பழுப்பு எனப் பலவிதம். கலங்கியவை யுரேனியம் மிகுந்து, தம் கதிரியக்கத்தாலேயே உள்ளமைப்பு சிதைந்தவை. அவற்றில் ஈயம் எளிதாகக் கசியும். தெளிந்த, வெடிப்பில்லாத, கூர்முனை மழுங்காத மணிகளைத்தான் கை தேடும். ஆனால் இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அழகான மணிகளை மட்டும் எடுத்தால் அந்தக் கல்லின் கதையில் ஒரு பகுதி மட்டுமே கிடைக்கும். கிரானைட் பிறந்த காலம் ஒன்றே வேண்டுமென்றால் அது போதும். அந்தப் பாறை பின்னால் எத்தனை தடவை சூடேறியது, எந்தப் பழைய பாறையை விழுங்கியது என்று அறிய வேண்டுமானால் உருண்டையான, மங்கிய, பார்க்கச் சகிக்காத மணிகளையும் தட்டில் ஏற்ற வேண்டும். யார் பொறுக்கினார்கள், எதை விட்டார்கள் என்பது ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையிலும் எழுதப்பட வேண்டிய செய்தி. பலவற்றில் அது இருப்பதில்லை. எனக்கு அதில் ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

பொறுக்கிய மணிகளை வரிசையாக ஒட்டி, எபாக்சி ஊற்றி வட்டாக உறையவைத்து, மணிகள் பாதியாகத் தேயும்வரை மெருகேற்றுவோம். அந்த வட்டை எலெக்ட்ரான் கற்றையின் கீழ் வைத்தால் ஒவ்வொரு மணியும் உள்ளிருந்து ஒளிரும். கேதோடுலூமினசென்ஸ் என்பது அந்த ஒளிர்வுப் படத்தின் பெயர். நான் இந்தத் தொழிலில் மனம் ஒன்றி நின்ற இடம் அது. அந்த மேலூர்க் கல்லின் மணி ஒன்றை இங்கே சொல்கிறேன். நடுவில் ஒரு கரு; அதில் ஒழுங்கான நுண்ணிய வரிகள், ஒன்றுக்குள் ஒன்றாக. வரிகள் முழுமையாக முடியவில்லை. ஒரு பக்கம் கரைந்து, உடைந்து, வளைந்து நிற்கின்றன. அந்தக் கரைந்த ஓரத்தின் மேல் வரிகளே இல்லாத, ஒரே சீரான வெளிச்சத்தில் ஒரு புதிய விளிம்பு படர்ந்திருக்கிறது. கரு ஒரு காலத்தில் குழம்பிலிருந்து வளர்ந்தது. பிறகு பெருஞ்சூட்டில் அதன் ஓரம் கரைந்தது. அந்தச் சூட்டிலேயே விளிம்பு வளர்ந்தது. லேசரின் புள்ளி 25 அல்லது 30 மைக்ரான் அகலம். அதை எங்கே வைப்பது? கருவில் வைத்தால் ஒரு வயது, விளிம்பில் வைத்தால் ஒரு வயது. இரண்டும் படும்படி வைத்தால், நடக்கவே நடக்காத ஒரு காலம் எண்ணாக வந்து நிற்கும். படம் பார்க்காமல் சுட்ட எண்ணை நான் நம்புவதில்லை.

தமிழ்நாட்டுப் பாறைகளுக்கு இது வெறும் நுணுக்கம் அல்ல. பாலக்காட்டிலிருந்து காவிரியை ஒட்டிப் போகும் பிளவுக் கோட்டுக்கு வடக்கே சேலம், கிருஷ்ணகிரி, நீலகிரி எல்லாம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. கர்நாடகத்தின் குளோஸ்பெட் கிரானைட்டுக்கு 1991இல் ஃபிரெண்டும் நட்மனும் சிர்கானில் கண்ட வயது 251.3 கோடி ஆண்டு. கோட்டுக்குத் தெற்கே மதுரை முதல் குமரிவரை பழைய கருக்கள் இருந்தாலும், விளிம்புகள் திரும்பத் திரும்ப 55 கோடி ஆண்டுப் பக்கமே வந்து விழுகின்றன. கோண்டுவானாக் கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலம் அது. சில இடங்களில் பாறை 900 பாகை செல்சியஸையும் தாண்டிச் சூடேறியிருக்கிறது. இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளிலும் 61 முதல் 55 கோடி ஆண்டுவரையான அதே சூடு பதிந்திருக்கிறது. அந்தச் சமையலறை மேடைக் கல்லின் விளிம்புகளும் அப்படித்தான் இருந்தன. கருக்கள் பழையவை, தங்களுக்குள் ஒத்துப்போகாதவை. தம்பியைக் கண்டபோது இதைச் சொன்னேன்.

"அப்ப எங்கட நாட்டுக் கல்லும் இதுவும் ஒண்டோ?"

"ஒரே காலத்திலை சூடு கண்ட கல்லுகள். பிறந்த காலம் வேறை."

"அப்ப எந்த வயசைச் சொல்லுறது?"

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். இரண்டையும் சொல்ல வேண்டும் என்றேன்.

யுரேனியத்தையும் ஈயத்தையும் வைத்துப் பாறைக்கு வயது சொல்லும் இந்தத் தொழில் லண்டனில் காலூன்றியபோது இலங்கைக் கனிமமும் கூடவே இருந்தது என்பதை எங்கள் ஆட்களில் பலர் அறியார். சவுத் கென்சிங்டனில் ஸ்ட்ரட் என்ற பௌதிகப் பேராசிரியரின் கீழ் ஆர்தர் ஹோம்ஸ் என்ற இளைஞர் ஈயத்தையும் யுரேனியத்தையும் அளந்து, 1911இல் ஒரு வயதுப் பட்டியல் வெளியிட்டார். டெவோனியன் காலத்துக்கு 37 கோடி, கார்பனிஃபெரஸுக்கு 34 கோடி. பட்டியலின் மிகப் பழைய எண் சிலோனுக்கு: 164 கோடி ஆண்டு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் சிலோனின் கதிரியக்கக் கனிமமான தோரியனைட் 1904இல் உலகறிய வந்திருந்தது. அக்காலத்தில், 1903 முதல் 1906 வரை, சிலோன் கனிம அளவைக்குத் தலைமை வகித்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றறிஞராக நாம் போற்றும் அதே குமாரசுவாமிதான். ப்ளூம்ஸ்பரியில் உள்ள யூனிவர்சிட்டி காலேஜில் புவியியலும் தாவரவியலும் படித்தவர், ஜி. டி. பிரயருடன் சேர்ந்து செரண்டிபைட் என்ற புதுக் கனிமத்தை விவரித்தவர். இலங்கைக் கனிமவியலுக்காகவே 1906இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றவர். சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் நடந்த அதே தெருக்களில் நானும் கல் மூட்டையோடு நடந்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஹோம்ஸின் 164 கோடி நிலைக்கவில்லை. ஒரே தனிமத்துக்கு எடை வேறான அணுக்கள் உண்டு என்ற ஐசோடோப்புக் கருத்தே 1913இல்தான் வேதியியலாளர் சாடியிடமிருந்து வந்தது. எந்த ஈயம் எந்தத் தாய்த் தனிமத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க 1911இல் வழியில்லை. தோரியத்திலிருந்தும் ஈயம் பிறக்கும் என்பது கணக்கில் சேரவில்லை. ஆனால் ஹோம்ஸ் அந்தக் கேள்வியை விடவில்லை. 1955இல், 40 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தீபகற்ப இந்தியாவினதும் சிலோனினதும் தொல்பாறைகளின் காலம் பற்றி மறுபடி எழுதினார்.

இன்று நிலைமை தலைகீழ். அளக்கப்பட்ட இலங்கைக் கல் அளவுகோலாகிவிட்டது. லேசர் கருவி தானாக வயது சொல்லாது. வயது தெரிந்த சிர்கான் ஒன்றை ஒவ்வொரு வட்டிலும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறிமாறிச் சுட்டு ஒப்பிட வேண்டும். கான்பெராவின் புகழ்பெற்ற ஷிரிம்ப் என்ற அயனிக்கற்றைக் கருவி பல ஆண்டுகள் எஸ்.எல். 13 என்ற இலங்கைச் சிர்கானை வைத்துத்தான் அளந்தது. பின்னால் அந்தக் கல் முழுவதும் ஒரே சீராக இல்லை என்று தெரிந்தது. 2008இல் நாஸ்டலாவும் மற்றவர்களும் எம் 257 என்ற இன்னொன்றை விவரித்தார்கள். பட்டை தீட்டிய இரத்தினக்கல் அது, 5.14 கிராம், மாசு மருவில்லாதது, வயது 56.13 கோடி ஆண்டு, பிழை 3 இலட்சம் ஆண்டு. மோதிரத்தில் ஏறியிருக்க வேண்டிய கல்லைத் துண்டு துண்டாக உடைத்து ஆய்வுகூடங்களுக்குப் பகிர்ந்தார்கள். கனடாவின் 91500, செக் நாட்டின் பிளெஷோவிட்சே போன்றவற்றோடு இலங்கைச் சிர்கான்களும் ஒரே தட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கும்.

லேசர் அளவில் ஒன்று இரண்டு சதவீதப் பிழை இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வேண்டுமானால் மணியையே அமிலத்தில் கரைக்க வேண்டும். மாட்டின்சன் 2005இல் காட்டிய வழிப்படி மணிகளை 900 பாகையில் இரண்டு நாளுக்கு மேல் சூடாக்கி, பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் சிதைந்த பகுதியை முதலில் அரித்துவிட்டு, மிஞ்சிய நல்ல பகுதியை மட்டும் கரைத்து அளக்கிறார்கள். அங்கே எதிரி வெளி ஈயம். சிகாகோவில் டில்டனும் பாட்டர்சனும் சிர்கானில் ஈயம் அளக்கப் போய், காற்றிலும் கண்ணாடியிலும் அமிலத்திலும் ஈயம் இருப்பதைக் கண்டு திகைத்தார்கள். பாட்டர்சன் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956இல் எழுதியதும், பிற்காலத்தில் பெட்ரோல் ஈயத்துக்கு எதிராகப் போராடியதும் அந்தத் திகைப்பிலிருந்து வந்தவை.

உலகிலேயே பழைய சிர்கான் எது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் 2001இல் அறிவிக்கப்பட்ட 440.4 கோடி ஆண்டு மணி. இந்தியாவில் சிங்பூம் பகுதிச் சம்புவாவில் 2018இல் 424 கோடி ஆண்டு மணி ஒன்று அறிவிக்கப்பட்டது. இரண்டும் தம் தாய்ப்பாறையை இழந்த மணிகள், பிற்காலப் பாறைக்குள் இருந்து எடுக்கப்பட்டவை. அவற்றை வைத்து அந்தப் பாறைகளுக்கு அத்தனை வயது என்று எழுதுவது பிழை. நாளிதழ்களில் அப்படியும் வருகிறது.

இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் மாணவர்கள் இப்போதும் கல் எடுப்பது பற்றி எழுதிக் கேட்கிறார்கள். வன்னிப் பகுதிப் பாறைகளின் கருக்கள் 77 முதல் 104 கோடி ஆண்டுவரை காட்டுகின்றன. அங்கே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது இது. வெளிப்பாறையின் நிறம் மாறிய தோலை விட்டு, சம்மட்டியால் உடைத்து உள்ளே புதுக்கல் வரும்வரை போங்கள். வெள்ளை நரம்போ கரிய பட்டையோ ஊடுருவாத இடத்தில் எடுங்கள். இரண்டு வகைப் பாறையை ஒரே பையில் போடாதீர்கள். எடுத்த இடத்தில் பாறையைப் படம் பிடித்து, அகலாங்கும் நெட்டாங்கும் பையின் மேலேயே எழுதுங்கள். கல்குவாரி லாரியிலிருந்து விழுந்த கல்லை அனுப்பாதீர்கள். வெளிர்நிறக் கிரானைட் என்றால் மூன்று கிலோ போதும். கருமையான பாறையில் சிர்கான் குறைவு. பத்துக் கிலோவாவது வேண்டும்.